சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் மருந்து வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததிலிருந்து தை மாதத்து உறைபனி விலகும்வரை, கோத்தகிரியில் நான் மருந்தாளுநராகப் பணிபுரியும் கடையில் மிக அதிகமாகக் கேட்கப்படுவது சளி மாத்திரைதான். "சளிக்கு ஒரு செட் கொடுங்கக்கா" என்று கேட்பவரிடம் நான் உடனே மாத்திரையை எடுத்துக் கொடுப்பதில்லை. யாருக்கு, வயது என்ன, வேறு என்ன மருந்து தினமும் சாப்பிடுகிறார், இன்று வண்டி ஓட்டப் போகிறாரா என்று நான்கு கேள்விகள் கேட்கிறேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கேள்விகள் எதற்கு என்பதை நின்று நிதானமாகச் சொல்லக் கடையில் நேரம் அமைவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைத்துவிடுகிறது என்பதற்காக ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடும் ஆர்.எக்ஸ். என்ற குறியும் இருந்தால், அது மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே வாங்க வேண்டிய மருந்து. சளிக்கு வழக்கமாக வாங்கப்படும் மாத்திரைகளிலும் பல அந்தக் குறியோடுதான் வருகின்றன. ஆகவே அட்டையைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானத்தைப் படிக்க வேண்டும். கண் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம். கடையில் எங்களையே படித்துச் சொல்லக் கேட்கலாம், அது எங்கள் கடமை.

சேர்மானத்தைப் படிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் அடிக்கடி சந்திக்கும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரையை ஒருவர் நாளைக்கு மூன்று வேளை போடுகிறார். அது 1950 மி.கி. மூக்கடைப்புக்கென்று வாங்கிய சளி மாத்திரையை நான்கு முறை போடுகிறார். அந்தச் சளி மாத்திரையிலும் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததால் மேலும் 2000 மி.கி. உள்ளே போகிறது. தேயிலை மூட்டை சுமந்த உடம்பு வலிக்கு வாங்கிய அசிக்ளோபினாக் மாத்திரையில் தலா 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது, இரண்டு மாத்திரைக்கு 650. கூட்டிப் பார்த்தால் 4600 மி.கி. நல்ல உடல்நலமுள்ள, வளர்ந்த ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4000 மி.கி. என்பதே உச்ச வரம்பு. அன்றாடம் மது அருந்துபவர், கல்லீரல் நோயுள்ளவர், மிகவும் மெலிந்தவர், சரியாகச் சாப்பிடாதவர் ஆகியோருக்கு வரம்பு அதைவிடக் குறைவு. மூன்று நோய்க்கு மூன்று மருந்து என்று நினைத்து அவர் சாப்பிட்டது, உண்மையில் மூன்று பெயரில் வந்த ஒரே மருந்தை.

பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் பழுதாவது கல்லீரல். முதல் நாள் வெறும் குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு. அளவு மீறிய எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். எனவே கணக்கு தவறிவிட்டது என்று தெரிந்த உடனேயே, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், அட்டைகளை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். குந்தா பக்கத்திலிருந்தோ பந்தலூர்ப் பக்கத்திலிருந்தோ வருபவர்களுக்குப் பயண நேரமும் அந்த எட்டு மணி நேரத்திலேயே அடங்கும்.

அடுத்ததாக, வந்திருப்பது சளியா ஒவ்வாமையா என்று பிரித்தறிவது. வைரஸால் வரும் சளி தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, மூக்கு ஒழுகி, சில நேரம் காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தானே அடங்கும். ஒவ்வாமையில் காய்ச்சல் இருக்காது. மூக்கும் கண்ணும் அரிக்கும், காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வரும், நீர் போலத் தெளிவாக ஒழுகும், குறிப்பிட்ட இடத்திலோ பருவத்திலோ கூடும். சீகை மரம் பூக்கும் பருவத்தில் தும்முபவரும், மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் படரும் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் தும்முபவரும், தேயிலைத் தொழிற்சாலைத் தூசியில் நின்று தும்முபவரும் ஒவ்வாமைக்காரர்களாக இருக்கலாம். ஒவ்வாமைக்கு, உடம்பில் அரிப்பையும் தும்மலையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கும் மாத்திரை, அதாவது ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரை ஒன்றே போதும். அதற்குப் பாராசிட்டமாலும் காஃபீனும் கலந்த கூட்டு மாத்திரை தேவையில்லை. சளிக்கும், எந்தத் தொந்தரவு அதிகமோ அதற்கு மட்டும் தனி மருந்து வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே மாத்திரையில் நான்கு மருந்து இருந்தால், தேவையில்லாத மூன்றின் பக்கவிளைவையும் சேர்த்துத்தான் விழுங்குகிறோம்.

ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகளில் பழைய வகையும் புதிய வகையும் உண்டு. குளோர்பெனிரமின், நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அவில் மாத்திரையில் உள்ள பெனிரமின் ஆகியவை பழைய வகை. கடுமையான தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும். செட்டிரிசின் 10 மி.கி., லெவோசெட்டிரிசின் 5 மி.கி., லோராட்டடின் 10 மி.கி. ஆகியவை புதிய வகை. வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு ஒன்றே போதும். இவற்றிலும் செட்டிரிசின் வகை சிலருக்குத் தூக்கத்தைத் தரும். பெக்ஸோபெனடின் மிகக் குறைந்த தூக்கம் தருவது. ஆனால் அதைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்குச் செட்டிரிசின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் தினமும் செட்டிரிசின் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்தது. தொடர்ந்து சாப்பிடும் நிலை வந்தவர் கடைக்கு வருவதைவிட மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தூக்கத்தைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகளும் இருக்கின்றன. பழைய வகை மாத்திரையை இரவு படுக்கும்போது போட்டாலும் அதன் மந்தம் மறுநாள் காலைவரை நீடிக்கலாம். தூக்கம் வராதபோதும் கை கால் சற்றுத் தாமதித்தே இயங்கும். அந்தத் தாமதம் ஓட்டுபவருக்குத் தானாகத் தெரியாது. விடியற்காலையில் காய்கறி லாரி எடுப்பவர், பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுநர், தொழிற்சாலையில் ரோலர் அருகே நிற்பவர், பனிமூட்டத்தில் காட்டெருமை நிற்கும் பாதையில் வேலைக்கு நடப்பவர் ஆகிய யாருக்கும் குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரையை நான் பரிந்துரைப்பதில்லை. புதிய வகை மாத்திரையையும் முதன்முதலாகப் போடும்போது, வண்டி எடுக்காத ஓய்வு நாளில் போட்டுப் பார்த்து, தன் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்வது நல்லது. மாத்திரை போட்ட அன்று மது கூடவே கூடாது.

இதில் பலர் அறியாத ஒன்று, மலைப்பாதையில் வாந்தி வராமலிருக்கப் போடும் அவோமின் மாத்திரையும் ஹிஸ்டமின் தடுப்பு வகையைச் சேர்ந்ததே என்பது. அதில் உள்ளது புரோமெத்தசின். பயணத்துக்கு அதைப் போட்டுவிட்டு, வீடு வந்ததும் தும்மலுக்குச் சளி மாத்திரையும் போட்டால், ஒரே வகையை இருமடங்கு சாப்பிட்டதாகிறது. முதியவர்கள் இப்படிச் செய்துவிட்டு இரவில் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூக்கடைப்பு மருந்துக்கு வருவோம். கூட்டு மாத்திரைகளில் இருக்கும் பினைலெப்ரின் ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. வாய்வழியாகச் சாப்பிடும்போது அது மூக்கடைப்பைத் தீர்ப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் வல்லுநர் குழு 2023இல் முடிவு கூறியது. பலன் ஐயத்துக்குரியது, தீங்கு உண்மையானது என்றால் அதைப் பிரஷர், இதய நோய், தைராய்டு மிகைப்பு உள்ளவர்கள் ஏன் சாப்பிட வேண்டும்? மூக்கில் விடும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்துகள் நிமிடங்களில் அடைப்பைத் திறக்கும். ஆனால் மூன்று நாட்கள், மிஞ்சினால் ஐந்து நாட்கள் வரையே விட வேண்டும். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும். அதற்கு மீண்டும் சொட்டு விட, மாதக்கணக்கில் அந்தக் குப்பி சட்டைப் பையைவிட்டு இறங்காமல் போகும். அப்படிப் பழகிவிட்டவர்கள் வெட்கப்படத் தேவையில்லை; காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சொன்னால் படிப்படியாக நிறுத்த வழி சொல்வார். சளியோடு சமவெளிக்கு இறங்கும்போது காது அடைத்து வலிப்பதற்கு, எச்சில் விழுங்குவதும் எதையாவது மெல்லுவதும், கைக்குழந்தைக்கு இறக்கத்தில் பால் கொடுப்பதும் பெரும்பாலும் போதும்.

மருந்தில்லாமலே பயன் தருவது உப்புநீர். கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை எந்த வயதினருக்கும் விடலாம். வீட்டில் தயாரித்து மூக்கைக் கழுவுபவர்கள், 200 மி.லி. தண்ணீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு என்ற அளவில் கலக்கலாம். ஆனால் கொதித்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியசை ஒட்டியே கொதித்துவிடுகிறது. ஆகவே கொதி வந்ததும் இறக்கிவிடாமல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போது எனக்கு உள்ளபடியே அச்சம் வருகிறது, ஏனென்றால் அன்பினால் செய்யும் தவறுகளே இங்கே அதிகம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட உத்தரவிடப்பட்டது. நச்சுக் கலப்பு ஒருபுறம் இருக்க, நல்ல சிரப்பும் சிறு குழந்தையின் சளியைச் சீக்கிரம் குணமாக்குவதில்லை என்பதே இந்த அறிவுறுத்தல்களின் அடிப்படை. காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கப்படும் நிமெசுலைடு 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011 முதலே தடை செய்யப்பட்டது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது.

காய்ச்சலுக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலில் நேரும் குழப்பம் இன்னொன்று. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.; அடர்ந்த சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளை அளவு 100 முதல் 150 மி.கி. அதாவது சொட்டில் 1 மி.லி., சாதாரண சிரப்பில் 5 மி.லி. ஒருமுறை ஒரு பாட்டி, பழைய சிரப் தீர்ந்துவிட்டதால் புதிதாக வாங்கிய சொட்டு மருந்தைப் பழைய கணக்கிலேயே 5 மி.லி. பாலாடையில் ஊற்றிக் கொடுக்கவிருந்தார். கடையிலேயே அவர் சொல்லிவிட்டதால் தடுக்க முடிந்தது. அது 500 மி.கி., அந்தக் குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. குப்பியோடு வரும் அளவு மூடியையோ சொட்டுக் குழலையோ மட்டும் பயன்படுத்துங்கள். பாலாடையும் சமையல் கரண்டியும் வீட்டுக்கு வீடு அளவு மாறும். வயதைவிட எடையே சரியான அளவுகோல். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட்டு, நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து தேடாமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீலகிரியில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் தைலக் குப்பியைச் சொல்லாமல் விட முடியாது. கற்பூர மரத்திலிருந்து வடிக்கும் யூகலிப்டஸ் தைலம் நம் மலையின் பொருள் என்பதால் அதை மருந்தாகவே யாரும் எண்ணுவதில்லை. அது வெளிப்பூச்சுக்கு உரியது. சிறு குழந்தை ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகக் குடித்தால்கூட மயக்கமும் வலிப்பும் வரலாம். வின்டர்கிரீன் தைலம் இதைவிடக் கொடியது. அதன் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது, ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். வார்ஃபரின் போன்று ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் அதை உடம்பெங்கும் தேய்த்துக்கொள்வதும் தவறு. வெளிப்பூச்சுக்கு உரியது என்பதால், பால் சர்க்கரையில் ஒரு சொட்டு தைலம் விட்டுக் கொடுப்பது எந்த வயதிலும் கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகே பூசுவது, கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது ஆகியவற்றை இரண்டு வயதுவரை அறவே விட்டுவிடுங்கள். தைலக் குப்பியின் இடம், பிள்ளையின் கைக்கு எட்டாத பூட்டிய அலமாரி. குடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். இருமலுக்குத் தேன் நல்லதுதான். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு உறங்கும் முன் அரைத் தேக்கரண்டி கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு, குறும்பர்கள் பாறையிலிருந்து எடுத்துவந்த தூய மலைத்தேனாகவே இருந்தாலும், பொட்டுலிசம் என்ற நரம்பு நோய் வரக்கூடும் என்பதால் நாக்கில் தடவவும் கூடாது.

முதியவர்களில் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் பழைய வகை மாத்திரை போட்டால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் நீர் அழுத்த நோயின் ஒரு வகையில் அது பார்வையையே பாதிக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எதையும் கேட்டே வாங்க வேண்டும்.

இனி, முதலில் சொன்ன 'செட்' மாத்திரை. அட்டையிலிருந்து கத்தரித்து, பெயரும் காலாவதித் தேதியும் போன துண்டுகளைக் காகித உறையில் போட்டு, காலை மாலை என்று கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒரே வேளையில் சளி பறந்துவிடுகிறது என்று அதை நாடிப் போகிறார்கள். அந்த வேகத்துக்குக் காரணம் பல நேரம் அதில் சேர்ந்திருக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. அது சர்க்கரையை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், உள்ளே வளரும் நிமோனியாவையும் காசநோயையும் மறைக்கும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். முழு அட்டை வாங்கப் பணமில்லையென்றால், பெயரும் தேதியும் உள்ள பக்கத்தை விட்டு மறுமுனையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள், அல்லது உறையில் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அசித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் வைரஸ் சளியில் வேலை செய்வதில்லை. லெவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரையைப் பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்குபவர்கள், அது சிலருக்குக் கெட்ட கனவும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தரக்கூடியது என்பதை அறிந்திருக்க வேண்டும். பிள்ளையின் சுபாவம் மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தேயிலைக் காட்டில் குளவி கொட்டியவருக்கு அவில் மாத்திரை கொடுத்து உட்கார வைப்பது நம் வழக்கம். தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் சரி. மூச்சு முட்டினாலோ, நாக்கோ தொண்டையோ வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, எந்த ஒவ்வாமை மாத்திரையும் அவரைக் காப்பாற்றாது. அட்ரினலின் ஊசி வேண்டும். படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, மூச்சு முட்டினால் உட்கார வைத்து, உடனே 108ஐ அழையுங்கள்.

கடை மருந்தோடு காத்திருக்கக் கூடாத நிலைகள் வேறும் உண்டு. மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், இழுப்பு ஆகியவை அத்தகையவை. குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குட்பட்டதற்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். சமவெளிக்குச் சென்று வந்தபின் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை முடியும்வரை ஐபுபுரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தவருக்கு வரும் தலைவலியும் குமட்டலும் சளியால் வந்தவை அல்ல, கார்பன் மோனாக்சைடால் வந்திருக்கலாம்; அங்கே தேடவேண்டியது மாத்திரையை அல்ல, திறந்த கதவையும் மருத்துவமனையையும்.

மருத்துவமனைக்குப் போகும்போது அந்த வாரத்தில் சாப்பிட்ட எல்லா அட்டைகளையும் குப்பிகளையும், தைலத்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிரப்பைத் திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி வையுங்கள். அடுப்பு மேடையும் ஈரச் சுவரும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். ஒரு மருந்தால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால் மருத்துவரிடம் சொல்வதோடு, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசிய திட்டத்தின் எண் அது. தெரிவிக்கும்போது அட்டையில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணைக் கேட்பார்கள் என்பதால், மாத்திரை தீர்ந்த பிறகும் சில நாட்களுக்கு அட்டையை எறிந்துவிடாதீர்கள்.